அந்த வசந்தத்தில் போட்ட ஜிக்குகள்

ஏரிக்கரை வீட்டுக்காரர்கள் படகைக் கட்டி நிறுத்துவதற்காகத் தண்ணீருக்குள் நீட்டிக் கட்டியிருக்கும் மரமேடையை டெக்சஸில் டாக் என்பார்கள். அதன் அடியில் பகல் முழுவதும் நிழல் இருக்கும். அந்த நிழலைத் தேடி க்ராப்பி என்கிற மீன் கூட்டமாக வந்து நிற்கும். உள்ளங்கை அகலத்தில், வெள்ளி உடம்பில் கரும்புள்ளி தெளித்த தட்டையான மீன். அதைப் பிடிக்க உயிர் இரை வேண்டாம், ஜிக் போதும். ஜிக் என்றால் பட்டாணி அளவுக்கு ஓர் ஈயத் தலை, அதிலிருந்து வளைந்து வரும் முள், முள்ளை மறைக்க ரப்பரிலோ கோழி இறகிலோ ஒரு வால். எந்த இடத்துக்கு எந்த ஜிக் என்று தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்கு அது நன்றாக வந்தது.

என் மனைவி, எங்கள் முதல் குழந்தையைத் தானே கொன்றுவிட்டதாக மூன்று வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையை அசைக்கக்கூடிய ஒரு விஷயம் எனக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்லவில்லை. ஜிக்குகளைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச வழியில்லை என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டெக்சஸில் இர்விங் என்ற ஊருக்கு வேலைக்கு வந்தேன். மேலே மேலே படித்துக்கொண்டே போனதில் கல்யாணம் தள்ளிப்போயிற்று. எங்கள் இருவருக்குமே ஈரோட்டுப் பக்கம். வேதியியலில் முதுகலை முடித்துக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள், என்னைக் கட்டிக்கொண்டு, வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவில் வந்து ஓர் அபார்ட்மென்ட்டின் மாடியில் உட்கார்ந்தாள். இருந்த ஒரே காரை நான் ஆபிஸுக்கு எடுத்துப் போய்விடுவேன். ஜன்னலுக்கு வெளியே பார்க்கிங்கும் அதற்கு அப்பால் ஃப்ரீவேயும் தெரியும். நடந்து போய்ச் சேரக்கூடிய இடம் என்று அங்கே எதுவும் இல்லை.

ஆபிஸில் என் பக்கத்துத் தடுப்பில் நாகர்கோவில்காரர் ஒருவர் இருந்தார். கடற்கரை ஊர், கத்தோலிக்கர். சிறிய அலுமினியப் படகொன்றை டிரக்கின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் வடக்கே இருந்த ஏரிக்குப் போவார். ஒருமுறை என்னையும் அழைத்துப் போனார். என்னைவிட இளையவர்தான். ஆனால் படகில் ஏறியதும் என்னை 'எடே' போட்டுப் பேசும் உரிமையைத் தானாகவே எடுத்துக்கொண்டார்.

"எடே மக்கா, தண்ணி கலங்கிக் கெடக்கு. வெள்ளையைக் கெட்டுனா மீனுக்கு எங்க தெரியும்? கறுப்பை எடு."

"அடியில இருட்டாத்தானே இருக்குது? கறுப்பு மட்டும் எப்படித் தெரியும்?"

"நீ மேல இருந்து பாக்கே. அது கீழ இருந்துல்லா பாக்கு? வெளிச்சத்துக்கு எதிர்ல கறுப்புதான் பளிச்சுனு நிக்கும். கொஞ்சம் மீனா யோசி. இல்லைன்னா இன்னைக்கும் வீட்டுல பருப்புதான்."

நாளடைவில் அவரைவிட நான்தான் இதில் நுணுக்கம் பார்க்க ஆரம்பித்தேன். அவருக்கு மீன் வேண்டும். எனக்குச் சரியான ஜிக்கை எடுத்தோம் என்ற திருப்தி வேண்டும். டாக்குக்கு அடியில் சாதாரணமாக எறிய முடியாது. மேடைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. ஜிக்கை இரண்டு விரலில் பிடித்துத் தூண்டில் கம்பை வில்லாக வளைத்து, கவணிலிருந்து கல்லை விடுவதுபோல் விட வேண்டும். தண்ணீரைத் தொட்டுத் தொட்டு அது நிழலுக்குள் ஓடும். அதற்கு ரப்பர் வால்தான் சரி. இறகு வால் நனைந்து சுருண்டு பாதியிலேயே விழுந்துவிடும். ஈயம் கனமாக இருந்தால் தூரம் போகும், ஆனால் கல்லாக மூழ்கும். க்ராப்பிக்குக் கண் மேல்நோக்கி அமைந்திருக்கிறது. தனக்குக் கீழே போய்விட்ட எதையும் அது திரும்பிப் பார்க்காது. ஆகவே இருப்பதிலேயே லேசான ஈயத்தை எடுத்து, குறைகிற தூரத்தைக் கைப்பழக்கத்தால் ஈடுகட்ட வேண்டும். காற்று அடித்தால் மட்டும் அடுத்த கனம்.

தண்ணீர் தெளிந்திருந்தால் வெள்ளை வால், அல்லது உள்ளே மினுக்குத் தூள் போட்ட கண்ணாடி நிறம். மழை பெய்து கலங்கியிருந்தால் கறுப்பு, நுனி மட்டும் கண்ணைக் கூசும் பச்சை. கரையிலிருந்து தண்ணீர்மேல் சாய்ந்து நிற்கும் வில்லோ மரத்தடிக்கு முறையே வேறு. அங்கே நீளக் கம்பைக் கிளைகளுக்கு நடுவே நுழைத்துச் செங்குத்தாக இறக்க வேண்டும். கிளையில் மாட்டாமல் இருக்க, முள்ளுக்கு முன்னால் பிரஷ் மயிர்போல் ஒரு காப்பு வைத்த ஜிக் உண்டு. குளிர்ந்த தண்ணீரில் மீன் அசையச் சோம்பும். அப்போது கோழி இறகு. சும்மா நிறுத்தி வைத்தாலும் அது மூச்சு விடுவதுபோல் அசைந்துகொண்டிருக்கும்.

ஒரு குளிர்காலத்தில் மனைவி உண்டானாள். ஞாயிறு காலைகளில் ஊருக்குப் போன் செய்வது எங்கள் வழக்கம். செய்தியைச் சொன்னதும் அம்மா அழுதார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு சட்டதிட்டங்களைச் சொல்ல ஆரம்பித்தார்.

"பப்பாளி தொடக்கூடாது. அன்னாசி ஆகவே ஆகாது. கெரகணம் புடிச்சா வெளிய வரக்கூடாது. அம்மிணிகிட்டச் சொல்லு. உனக்கும்தான் கண்ணு. பொண்டாட்டி வயித்துல புள்ளையோட இருக்கறப்ப ஆம்பள ஒரு உசுரையும் வதைக்கக் கூடாது. பாம்பு வந்தாக்கூட அடிக்காம தொரத்தித்தான் உடுவாங்க. மீன் புடிக்கறேன்னு சொன்னியே, அதை இன்னியோட நிறுத்து."

"அம்மா, இங்க கோழியெல்லாம் அறுத்து உரிச்சுத்தான் கடைக்கு வருது."

"வர்றது வரட்டும். உங்கையால வேண்டாம்."

போனை வைத்ததும் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை.

"ஏனுங்க, நீங்க ஏரிக்குப் போகாதீங்க."

"நீ கெமிஸ்ட்ரி டீச்சர். நீ இதை நம்பறியா?"

"நம்பறனான்னு தெரியலீங்க. பொறந்ததுக்கு அப்புறம் நம்பாம இருந்துக்கறேன். அது வரைக்கும் போகாதீங்க."

கையை நீட்டினாள். அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. குளிரில் யார் ஏரிக்குப் போகப்போகிறார்கள்?

தண்ணீர் சூடேறத் தொடங்கியதும் நண்பர் தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டினார். "மக்கா, டாக்குக்கு அடியில வந்து நிக்கி. முந்தாநாள் பாத்தேன். கையால அள்ளலாம்."

அந்தச் சனிக்கிழமையே போனேன். மனைவியிடம் ஒய்டூகே டெஸ்டிங் என்றேன். அந்த வருடங்களில் அதைச் சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். இரண்டாயிரம் பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளத்தான் எங்களை அங்கே வைத்திருந்தார்கள். மத்தியானத்துக்கு ஆபிஸில் என்ன கிடைக்குமோ என்று எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள். அதைப் படகில் உட்கார்ந்து சாப்பிட்டேன். திரும்பி வரும்போது ஏரிக்கரைக் கழிப்பறையில் பற்பசை போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினேன். ஜிக் பெட்டியைக் காரின் பின்பக்கம் மாற்று டயருக்கு அடியில் வைத்தேன்.

அதற்கு அடுத்த வாரமும் போனேன். அந்த வசந்தம் முழுக்கப் போனேன்.

ஏன் போனேன் என்று இத்தனை வயதுக்குப் பிறகு யோசித்தாலும் கௌரவமான காரணம் ஒன்றும் அகப்படவில்லை. பிடித்திருந்தது, போனேன். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டால் அது வதை ஆகாது என்று எனக்கு நானே ஒரு வாதம் செய்து வைத்திருந்தேன். க்ராப்பியின் வாய் காகிதம்போல் மெல்லியது. சிலவற்றுக்கு முள் கழற்றும்போதே கிழிந்துவிடும். விட்ட மீன் சற்றுத் தூரம் போய் வயிறு மேலாக மிதக்கும். அவற்றை நண்பர் வலைக்கரண்டியால் கோரி எடுத்துத் தன் பெட்டியில் போட்டுக்கொள்வார். அவருக்கு முதலில் என் சத்தியம் பற்றித் தெரியாது.

"எதுக்குடே இவ்வளவு நல்ல மீனைத் தூக்கித் தூக்கி விடுக? வீட்டுல எண்ணெய் தீந்துபோச்சா?"

ஒருநாள் அவரிடம் சொன்னேன், வேடிக்கைபோல. அவர் கம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"சத்தியம் பண்ணிட்டா வந்திருக்கே?"

"நீங்க கிறிஸ்டியன். நீங்களும் இதையெல்லாம் நம்பறீங்களா?"

"எங்க வீட்டுலயும் இது உண்டும்டே. ஞானஸ்நானம் வாங்குனா பயம் போயிருமா? நான் நம்பலை, அது வேற. அந்தப் பொண்ணு கையில அடிச்சுக் குடுத்துட்டு எங்கூட வந்து உக்காந்திருக்கியே, அதுதான்... வா, படகைத் திருப்புவோம்."

"இந்த ஒரு மரத்தை மட்டும் பாத்துட்டுப் போயிடலாம்" என்றேன். வில்லோ மரத்தடியில் காப்பு வைத்த ஜிக்கை இறக்கினேன். அவர் அன்று தன் கம்பை மறுபடி எடுக்கவில்லை.

குழந்தை ஐந்தாம் மாதத்தில் போயிற்று. அது ஒரு வார நாள். நான் வீட்டில்தான் இருந்தேன். ஆபிஸுக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாள் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை, நீ செய்யாத எதனாலும் இல்லை, சில சமயம் காரணம் தெரிவதே இல்லை என்று நிதானமாகச் சொன்னார். மனைவி தலையை ஆட்டினாள். அவளுக்கு ஆங்கிலம் நன்றாகவே புரியும். ஆனால் அவள் தலையாட்டியது அந்த அம்மாளைச் சங்கடப்படுத்தாமல் இருக்கத்தான்.

வீடு திரும்பிய வாரத்தில் ஒரு மாலை, துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

கீழ்வீட்டு அமெரிக்க அம்மாள், அவள் உண்டாகியிருப்பது தெரிந்து, ஒரு கேக் செய்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். மேலே அன்னாசி வளையங்கள் பதித்த கேக். மறுத்தால் மரியாதை இல்லை. அந்த அம்மாள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

"பழத்தை எடுத்து ஓரமா வெச்சுட்டுத்தானுங்க தின்ன ஆரம்பிச்சேன். அந்தம்மா போனதுக்கப்புறம் அதையும் தின்னுட்டேன். நல்லா இருந்துச்சு."

அந்தக் கடைசி இரண்டு சொற்களைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெந்த பழம் ஒன்றும் செய்யாது என்றேன். அன்னாசியில் இருக்கும் நொதி சூட்டில் சிதைந்துவிடும் என்று அவளுக்கே நான் வேதியியல் சொன்னேன்.

"அது எனக்கும் தெரியுங்க" என்றாள். "நீங்க ஒரு சொல் குடுத்தீங்க, அதைக் காப்பாத்துனீங்க. எனக்குத்தான் நாக்கு அடங்கல."

அங்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் காப்பாற்றவில்லை, வாராவாரம் போனேன், உன் பழத்துக்குப் பலம் இருந்தால் என் மீன்களுக்கும் பலம் இருந்திருக்க வேண்டும், இரண்டில் எது என்று யாரால் சொல்ல முடியும் என்று சொல்லியிருந்தால், அவளுக்கு என்னைத் திட்டவாவது வழி கிடைத்திருக்கும். நான் அவள் மடித்து வைத்த துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினேன்.

நண்பரும் அவர் மனைவியும் சாப்பாடு கொண்டுவந்தார்கள். கிளம்பும்போது படிக்கட்டில் அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"சொல்லிட்டியா?"

"அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க."

"சம்பந்தம் இருக்குன்னு நான் சொன்னேனா? அந்தப் பிள்ளை ஒத்தையில சுமக்கு. நீயும் ஒரு கை பிடி, அவ்வளவுதான்."

அவர் பிறகு என்னைப் படகுக்குக் கூப்பிடவில்லை. சில மாதங்களில் வேலை மாறிப் பிளசன்டன் என்ற தூரத்து ஊருக்குப் போய்விட்டார்.

ஞாயிறு வந்தது. மனைவி குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மாவிடம் பேசினேன். அம்மா நேராகக் கேட்டார்.

"ஏங்கண்ணு, நீ அந்த ஏரிக்கு கீது போனியா?"

"இல்லம்மா."

"அப்பறம் எப்படி? ஆகாதது ஏதாச்சும் தின்னாளா?"

"யாரோ ஒரு கேக் குடுத்தாங்களாம். அன்னாசி போட்டது."

"நெனச்சேன்" என்றார் அம்மா.

யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டு அவள் என்னிடம் தந்ததை, ஒரு வாரம்கூட வைத்திருக்காமல், என்மேல் வந்த கேள்வியைத் திருப்பிவிடப் பயன்படுத்தினேன். அம்மாவின் மனம் எதைக் கவ்வும் என்று எனக்குத் தெரியும், அதைத்தான் போட்டேன். மீன் விஷயத்தைவிட இதற்காகத்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

அடுத்த வருடம் என் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனோம். பந்தியில் மனைவிக்கு இரண்டு பேர் தள்ளி நான் உட்கார்ந்திருந்தேன். பரிமாறுகிறவர் அன்னாசி கேசரி வாளியோடு அவள் இலைக்கு வந்தபோது, எதிர்வரிசையிலிருந்து என் பெரியம்மா குரல் கொடுத்தார்.

"தம்பி, அந்தப் புள்ளைக்கு அதை வெக்காதீங்க. ஒருக்கா பட்டது போதும்."

வரிசையில் பலர் திரும்பிப் பார்த்தார்கள். பாவம் என்று ஒரு குரல். வாளி அடுத்த இலைக்கு நகர்ந்தது. மனைவி என்னைப் பார்த்தாள், ஒரே ஒருமுறை. பிறகு குனிந்து சாப்பிட்டாள்.

மண்டபத்துக்கு வெளியே காத்திருந்த காரில் ஏறியதும் கேட்டாள். "நீங்கதான் சொன்னீங்களா?"

"அம்மா கேட்டாங்க. வாயில வந்துருச்சு."

"ம்" என்றாள். அப்போதும் நான் மற்ற பாதியைச் சொல்லவில்லை.

இரண்டாயிரம் பிறந்தது. கம்ப்யூட்டர்கள் நிற்கவில்லை. பக்கத்தில் ஃபிரிஸ்கோ என்ற ஊரில், சோள வயலைத் திருத்திப் போட்ட புதுத் தெருவில் ஒரு வீடு வாங்கிப் போனோம். இடைப்பட்ட காலத்தில் நான் அவளுக்குத் தெரிந்தே மீன்பிடிக்கப் போய்வந்தேன். கொண்டுவந்த மீனை அவளே மசால் தடவி வறுத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். மீன்பிடிப்பில் அவளுக்கு எந்த விரோதமும் இருந்ததில்லை. அந்தச் சில மாதங்களுக்கு மட்டும்தான் அவள் என்னிடம் கேட்டிருந்தாள்.

அவள் மறுபடி உண்டானாள். இந்த முறை யாரும் கேட்காமலே ஜிக் பெட்டியைக் கராஜில் மேல்தட்டில் போட்டுவிட்டேன். ஆனால் அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். சோறு, ரசம், கொஞ்சம் பருப்பு, அவ்வளவுதான். பழம் எதுவும் தொடமாட்டாள். கடையில் வாங்கிய ரொட்டியின் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு அப்படியே வைத்துவிடுவாள். நண்பர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். எடை ஏறவேண்டிய மாதத்தில் இறங்கியது. டாக்டர் கண்டித்தார், இப்படியே போனால் குழந்தைக்கு ஆபத்து என்று என்னைத் தனியாக அழைத்தும் சொன்னார்.

ஒரு ஞாயிறு காலை ஆரஞ்சு உரித்துச் சுளைகளைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். தட்டைத் தள்ளினாள்.

"வேண்டாங்க. எதுல என்ன இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"டாக்டர் சொன்னாங்கல்ல? சாப்பிடலைன்னாத்தான் ஆபத்து."

"போன தடவையும் நான் என்னமோ தெரிஞ்ச மாதிரிதான் இருந்தேன். ஒரு துண்டு. ஒரு துண்டுல போச்சு."

அப்போது சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். சத்தியம் செய்த பிறகும் ஏரிக்குப் போனதை, டெஸ்டிங் என்று பொய் சொன்னதை, எலுமிச்சை சாதத்தைப் படகில் சாப்பிட்டதை, மிதந்த மீன்களை, அம்மா முதலில் என்னைத்தான் கேட்டார் என்பதை. "உன்னால இல்லை. அது எதுனாலயும் இல்லை. ஆனா கணக்குன்னு ஒண்ணு இருந்தா அதுல நானும் இருக்கேன்" என்றேன்.

தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அந்தப் பெட்டி எங்க?"

"கராஜ்ல."

"எடுத்துட்டு வாங்க."

கொண்டுவந்து மேசையில் வைத்துத் திறந்தேன். சின்னச் சின்ன அறைகளில் நிறம் வாரியாக ஜிக்குகள்.

"அப்ப எதையெல்லாம் போட்டீங்களோ, அதை மட்டும் எடுத்து வைங்க."

எடுத்து வைத்தேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. ஆனால் மழை பெய்த வாரம் கறுப்பு, அதற்கு அடுத்த வாரம் தண்ணீர் தெளிந்ததும் கண்ணாடி நிறம் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன்.

"இது ஏன் இத்தனை சின்னது?"

"டாக்குக்கு அடியில மெதுவா எறங்கணும். அந்த மீன் மேலதான் பாக்கும்."

"இதுக்கு ஏன் இறகு?"

"முதல்ல தண்ணி குளிரா இருந்துச்சு. சும்மா வெச்சிருந்தாலும் இது அசையும். உயிரோட இருக்கற மாதிரி."

"இந்த முள்ளுக்கு முன்னால என்னங்க, பிரஷ் மாதிரி?"

"மரக்கிளை தண்ணிக்குள்ள இருக்கும். அதுல மாட்டாம இருக்கறதுக்குக் காப்பு."

"மீனு கடிச்சா?"

"கடிச்சா அது வளைஞ்சு குடுத்துரும்."

"அப்ப காப்பு மரத்துக்குத்தான்" என்றாள்.

பாடம் கேட்கும் மாணவியைப்போல எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். குரல் உயரவே இல்லை. அழவும் இல்லை. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஊருக்குப் போன் செய்யும் நேரம்.

"உங்கம்மாவுக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. எங்கிட்டச் சொன்னதை அங்கயும் சொல்லுங்க."

"இப்பவா? அவங்களுக்கு வயசாயிருச்சு..."

"அந்தப் பந்தியில எனக்கு என்ன வயசுங்க?"

போட்டேன். அம்மா எடுத்தார். மழை, தம்பி, முழங்கால் வலி எல்லாம் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். மனைவி கைகளைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். 

"அட, அதுக்கென்ன கண்ணு" என்றார் அம்மா. "ஆம்பளப் பையன், பொழுது போகாம நாலு மீன் புடிச்சிருப்பே. அதுல என்ன ஆயிரப் போவுது? அதெல்லாம் அந்தக் காலத்துல சொல்றது. படிச்ச புள்ளை, நீ போயி இதையெல்லாம் மனசுல போட்டுக்கலாமா?"

போனுக்குப் பக்கத்திலிருந்த ஒரு ஜிக்கை நான் நகர்த்தி வைத்தேன்.

"அம்மிணி எப்படி இருக்கா? நல்லாச் சாப்பிடச் சொல்லு. பழம் கிழம் மட்டும் பாத்துத் திங்கச் சொல்லு, இந்த வாட்டியாச்சும்."

மனைவி கையை நீட்டி இணைப்பைத் துண்டித்தாள். அப்புறம் சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. தொண்டையிலிருந்து வராமல் எங்கோ அடியிலிருந்து வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு எழுந்து போய்ச் சமையலறையில் நின்றபடியே ஒரு கிண்ணம் தயிர்சாதம் சாப்பிட்டாள். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் எல்லாவற்றையும் சாப்பிட்டாள். அடுத்த முறை போனபோது டாக்டர் சந்தோஷப்பட்டார்.

ஆனால் அன்றிலிருந்து அவள் என்னிடம் எதையும் சொல்வதில்லை. பேசாமல் இல்லை. என்ன வாங்க வேண்டும், எத்தனை மணிக்கு டாக்டர், தோட்டக் குழாய் ஒழுகுகிறது, இதெல்லாம் சொல்வாள். சிரித்துப் பேசுவாள். யார் வீட்டுக்காவது போனால் எனக்கு முதலில் தட்டுப் போட்டுத் தருவாள். அன்று துணி மடிப்பதை நிறுத்திவிட்டு, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று தொடங்கினாளே, அப்படித் தொடங்குகிற பேச்சு மட்டும் மறுபடி வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன், பலமுறை. "விடுங்க, அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுது" என்பாள். அவள் சொன்னது உண்மைதான் என்று இப்போது புரிகிறது. முடிந்தது எது என்பதுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை.

மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலி இன்னும் முழுதாக எடுக்கவில்லை. இரட்டை நாடி உடம்போடு, நரைத்த முடியைத் தூக்கிக் கட்டிய ஒரு நர்ஸ் வந்து அவள் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். நான் ஜன்னலோரம் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். இது முதல் குழந்தையா என்று நர்ஸ் கேட்டாள். இல்லை, இரண்டாவது என்றாள் மனைவி. முதலாவது ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது என்றாள். நர்ஸ் பட்டையைக் கழற்றிவிட்டு, அவள் கையை விடாமல் வைத்துக்கொண்டு, பெயர் வைத்திருந்தாயா என்று கேட்டாள். தனக்கும் அப்படி ஒன்று போயிருக்கிறது, தானும் பெயர் வைத்தேன் என்றாள்.

வைத்திருந்தேன் என்றாள் மனைவி. பெயரைச் சொன்னாள். நர்ஸுக்கு நாக்கில் வரவில்லை. மனைவி பொறுமையாக எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தாள். நர்ஸ் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துச் சரியாகச் சொல்லிவிட்டாள். இருவரும் புன்னகைத்தார்கள்.

ஒரு பெண் குழந்தையின் பெயர் அது. அது பெண் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஆஸ்பத்திரியில் அவளிடம் சொல்லியிருப்பார்கள், நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் மகள் பிறந்தாள், நல்லபடியாக. இந்த வீட்டில் அவள் வளர்ந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டாள். அந்த இன்னொரு பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. இங்கேயும் எழுதப்போவதில்லை. அது எனக்குச் சொல்லப்பட்டது அல்ல.